ஏரியை மொட்டையடிப்பது சுத்தம் ஆகாது

சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏரி சீரமைப்பு என்றால் நடப்பது ஒரே சடங்குதான். முதலில் பொக்லைன் இறங்கும். தண்ணீரில் பச்சையாக நிற்பதெல்லாம் வேரோடு கரைக்கு வரும். சம்பு, கோரை, அல்லி, ஆகாயத்தாமரை என்ற பேதம் கிடையாது. பிறகு கரையைச் சுற்றிக் கல் பதிப்பார்கள், நடைபாதை போடுவார்கள், விளக்குக் கம்பம் நடுவார்கள், இடமிருந்தால் படகும் விடுவார்கள். திறப்பு விழாப் படத்தில் துடைத்துவிட்ட நீர்ப்பரப்பு தெரியும். ‘ஏரியை சுத்தம் பண்ணிட்டாங்கப்பா’ என்று ஊரே பாராட்டும்.

இந்தப் பாராட்டில் நான் சேரமாட்டேன். நீரில் முளைப்பதெல்லாம் களை, களையே இல்லாத ஏரிதான் நல்ல ஏரி என்ற எண்ணம் மாநகராட்சி, நீர்வளத் துறை, ஊராட்சி, குடியிருப்போர் சங்கம், தன்னார்வக் குழு என எல்லாரிடமும் ஊறிக்கிடக்கிறது. அது அடிப்படையிலேயே தப்பு. அதை நம்பி நாம் செய்கிற வேலையால் ஏரியில் உழைக்கிற உறுப்பு வெட்டுப்படுகிறது; நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதற்கு ஆண்டுதோறும் பணமும் போகிறது.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆயக்கட்டு விவசாயிக்குக் கவலை மடை அடைத்துக்கொள்வது. மீன் குத்தகை எடுத்தவருக்கு வலை சிக்குகிறது. ஏரிக்கரையில் வீடு கட்டியவருக்குக் கொசு, பாம்பு, நாற்றம். பொறியாளருக்கு வேறு கணக்கு: செடி மக்கி மக்கி ஏரி தூர்ந்துபோகும், கொள்ளளவு குறையும், போதாததற்குத் தண்ணீரையும் அதுவே குடித்துவிடும். இவை எதுவும் கற்பனைக் குறைகள் அல்ல.

ஒன்றை உடனே ஒப்புக்கொள்கிறேன். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலை நம்பி வாழையும் வெற்றிலையும் வைத்திருப்பவர், வாய்க்காலில் செடி மண்டினால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்கிறார். முழுக்க உண்மை. வாய்க்காலில் செடியை அறுத்தே ஆகவேண்டும். ஆனால் வாய்க்கால் தண்ணீரை ஓட்டுவதற்கு வெட்டியது. ஏரி தண்ணீரை நிறுத்துவதற்குக் கட்டியது. ஓடுகிற தண்ணீருக்கான சட்டத்தை நிற்கிற தண்ணீருக்குப் போடும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

முதல் குற்றவாளியான ஆகாயத்தாமரையையே எடுத்துக்கொள்வோம். பள்ளிபாளையத்துக்கு மேலே சமயசங்கிலி கதவணைப் பக்கம் ஒதுங்கிக் கிடப்பதில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி இருக்கும். கிள்ளினால் உள்ளே முழுக்கக் காற்றறை. கீழே கறுத்த வேர் இறகு இறகாகத் தொங்கும். அதை உதறினால் விழுவது சேறு, சாயக் கசடு, எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீரில் கலந்து வந்ததையெல்லாம் அந்த வேர் பிடித்து வைத்திருக்கிறது. இந்தச் செடி அமேசான் படுகையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். நெல் வயலையும் படகுப் பாதையையும் அது அடைத்துவிட, 1936இல் அதை ஒழிக்கவே ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று. சாதகமான நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றுக்குள் இருபது ஆண்டு உயிரோடு கிடக்கும். இந்தச் செடிக்காக நான் வழக்காட வரவில்லை.

ஆனால் ‘சாதகமான நீர்’ என்றேனே, அது எது? நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்த நீர். வீட்டுக் கழிவறைத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக் கழிவு, திறந்த வெளியில் குவித்த கோழி எருவை மழை கழுவி வரும் நீர், வயலில் போட்டு மிஞ்சிய யூரியா. சேலம் நாமக்கல் சமவெளியில் இதில் எதற்கும் பஞ்சமில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் நுழைந்து சாக்கடையாக வெளியேறி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் கலக்கிறது. வழியிலிருக்கும் ஏரிகளுக்கு அதன் தண்ணீர் போகிறபோது சேலத்தின் சாக்கடையும் கூடவே போகிறது. சத்து குறைந்த தெளிந்த நீரில் ஆகாயத்தாமரை இந்த ஆட்டம் ஆடுவதில்லை. வாரா வாரம் சோறு போட்டு வளர்த்துவிட்டு, வளர்ந்துவிட்டதே என்று அதன்மேல் கோபப்படுகிறோம்.

அள்ளுகிற வேலையின் லாபத்தையும் பார்க்கலாம். ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். நூறு லோடு அடித்தால் தொண்ணூற்றைந்து லோடு தண்ணீரைத்தான் அடிக்கிறோம். அவ்வளவையும் தொலைவுக்குக் கொண்டுபோய்க் கொட்டக் கட்டுப்படியாகாது என்பதால் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அது அங்கேயே அழுகுகிறது. அடுத்த மழையில் அது பிடித்து வைத்திருந்த சத்தெல்லாம் கரைந்து மறுபடி ஏரிக்குள்ளேயே இறங்குகிறது. சேற்றிலிருக்கும் விதை முளைக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஏரிக்கு அதே வேலைக்கு மறுபடி ஒப்பந்தம். அள்ளியதைத் தொலைவில் கொண்டுபோய் எருவாக்கினாலாவது ஏரியின் சத்துச் சுமை குறையும். அதைச் செய்யாத அள்ளல் வெறும் கண்துடைப்பு.

வேறு வழியே இல்லாமலும் இல்லை. தென்னமெரிக்காவில் இந்தச் செடியைத் தின்று வாழும் கூன்வண்டுகளை 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பெங்களூரில் சோதித்து ஏரிகளில் விட்டார்கள். மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் பலன் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களில் விட்ட அதே வண்டுகள் பெரும் பரப்பைக் குறைத்தன. ஆனால் வண்டு தின்பதைவிட வேகமாகச் சாக்கடை செடியை வளர்க்கிற இடத்தில் வண்டும் தோற்கும். எந்த வழியில் போனாலும் கடைசியில் வந்து நிற்பது கழிவு வாயில்தான்.

அடுத்து, ‘தெளிந்த பரப்பு தெரிந்தால் ஏரி சுத்தம்’ என்ற நம்பிக்கை. நம் ஏரிகள் ஆழமில்லாதவை. பெரும்பாலான இடத்தில் ஆளுயரம், இரண்டு ஆளுயரம் தண்ணீர். இத்தகைய நீர்நிலைகளை ஆராய்ந்த நெதர்லாந்து அறிஞர் மார்ட்டன் ஷெஃபர் 1990களில் ஒன்றை விளக்கிக் காட்டினார். ஆழமில்லாத ஏரி இரண்டில் ஒரு நிலையில்தான் நிலைத்து நிற்கும்: அடியில் செடி வளர்ந்து தண்ணீர் தெளிந்த நிலை, அல்லது செடி செத்துத் தண்ணீர் பச்சைக் குழம்பாகிய நிலை. முதல் நிலையில் வேலம்பாசி போன்ற மூழ்கு செடிகள் சேற்றை வேரால் பிடித்து வைக்கும்; காற்றடித்தாலும் கலங்காது. சத்தை அவையே உறிஞ்சிக்கொள்ளும். நுண்பாசிக்கு மிச்சம் வைக்காது. நுண்பாசியைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்கு இலை இடுக்கில் மறைவிடம் கொடுக்கும். செடியை முழுக்க வழித்துவிட்டால் இந்த மூன்றும் ஒன்றாகப் போகும். சேறு கலங்கும், நுண்பாசி பெருகும், வெளிச்சம் அடிக்குப் போகாது, புதிதாகச் செடி முளைக்கவும் வழியில்லை. ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்த ஏரியைத் திருப்பிக் கொண்டுவருவது, கழிவைக் கொஞ்சம் குறைத்தால் மட்டும் முடிகிற காரியமில்லை.

திறப்பு விழா முடிந்து இரண்டொரு கோடையில் ஏரி ஏன் பாசிப்பச்சை ஆகிறது, விடிகாலையில் மீன் ஏன் செத்து மிதக்கிறது என்பதற்கு இங்கே காரணம் கிடைக்கும். நுண்பாசியும் மற்ற உயிர்களும் இரவெல்லாம் ஆக்சிஜனை இழுக்கின்றன. செத்த பாசி அழுகும்போது மிச்சத்தையும் இழுத்துவிடுகிறது. விடியுமுன் மீனுக்கு மூச்சில்லை. நம் கண்முன்னே பெரிய சாட்சி மேட்டூர். 1934இல் முடிந்த அந்த அணையில் அகற்றுவதற்குக் கோரையோ சம்போ பெரிதாக இல்லை. ஆனாலும் அண்மை ஆண்டுகளில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் நீர்த்தேக்கம் பச்சைச் சாயம் கரைத்ததுபோலாகி நாறியது. நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கும் நிலைக்குப் போனது. சத்து வந்து சேர்ந்தால் அதை யாராவது தின்றே தீருவார்கள். தின்பது வேரூன்றிய செடியா, நாறும் பாசியா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இதில் சில நீலப்பச்சைப் பாசிகள் விஷத்தையும் சுரக்கும். குடிக்கும் மாட்டுக்கும் ஆகாது.

வேரூன்றிய செடி தின்பது என்றால் என்ன? ஒரு தாமரைத் தண்டைக் குறுக்கே அறுத்தால் வட்ட வட்டமாகத் துளைகள் தெரியும். ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. இலை வாங்கும் காற்று அந்தத் துளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் புதைந்த கிழங்குக்குப் போகிறது. சம்பு, நாணல், கோரை எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு. காற்றே புகாத கறுப்புச் சேற்றில் வேரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் கசிகிறது. அந்த ஓரத்தில் ஒருவகை பாக்டீரியா வாழ்ந்து கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அரை அங்குலம் தள்ளி, காற்றில்லாத இடத்தில் இன்னொரு வகை அந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950களிலேயே நாணற்புல் வகைகளை வைத்துக் கழிவுநீரைத் தெளியவைத்துக் காட்டினார்; இன்று உலகெங்கும் நாணற்படுகைச் சுத்திகரிப்பு அந்த வழியில்தான் நடக்கிறது. கழிவு வந்து விழும் முனையில் தானாக முளைத்த சம்பங்காட்டைப் பொக்லைன் வைத்துப் பிடுங்குகிறவர்கள், சம்பளமில்லாமல் வேலை பார்த்த சுத்திகரிப்பு நிலையத்தை இடிக்கிறார்கள்.

இதை வைத்துச் சம்பு நட்டால் போதும், சாய ஆலைக்கும் கவலையில்லை என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பள்ளிபாளையம், குமாரபாளையம், சேலம் சாயப்பட்டறைகளின் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைச் செடி எடுக்காது. கன உலோகத்தை வேரில் தேக்கும், அழிக்காது. அந்தச் செடியை மாட்டுக்குப் போட்டால் பாலுக்கு வரும். ஆலைக் கழிவை ஆலை வாசலிலேயே நிறுத்தியாக வேண்டும். செடியால் ஆகிற வேலை வீட்டுக் கழிவின் மிச்சத்தைத் தின்பது, மண்ணைப் பிடிப்பது, உயிருக்கு இடம் கொடுப்பது.

கல்கத்தாவின் கிழக்கே 125 சதுர கிலோமீட்டர் சதுப்பில் மீனவர்கள் அந்த மாநகரின் சாக்கடையைக் குளங்களில் தேக்கி மீன் வளர்க்கிறார்கள். 2002இல் அதற்கு உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. அந்தக் குளங்களின் ஓரத்தில் நாம் கரித்துக்கொட்டும் அதே ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறார்கள். அலை அடித்துக் கரை கரையாமல் அது காக்கிறது. கழிவின் கசட்டைப் பிடிக்கிறது. வெயிலில் மீனுக்கு நிழலாகிறது. எல்லை மீறினால் அறுக்கிறார்கள். எழுத்துப் படிப்பு அதிகமில்லாத மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த முறை இது. நம் திட்ட அறிக்கைகளில் ‘அகற்றுதல்’ என்ற ஒரே வினைதான் இருக்கிறது.

கொசு வாதத்துக்கு வருவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏரிக்குப் போவதில்லை. வீட்டுச் சிமென்ட் தொட்டி, பழைய டயர், தேங்காய்த் தொட்டி, பூச்சட்டித் தட்டு போதும் அதற்கு. நகரத்து மலேரியாவுக்குப் பேர்போன அனாபிலஸ் ஸ்டீபன்சி மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இஷ்டமான இடம் தேங்கிய சாக்கடை. மிதக்கும் செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்தே மூச்சு வாங்கும் மான்சோனியா என்ற கொசு உண்டு. ஆகாயத்தாமரை மூடிய குட்டையில் அது பெருகும், மறுக்கவில்லை. ஆனால் கோரையும் அல்லியும் நடுவில் திறந்த நீரும் கலந்த ஏரியில் கொசுப்புழுவைத் தின்ன மீன் இருக்கிறது, நீர்வண்டு இருக்கிறது, தட்டானின் குஞ்சு இருக்கிறது. தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் மாதக்கணக்கில் கொசுப்புழு தின்று வளர்ந்து, ஒருநாள் விடிகாலை கோரைத் தாள் ஒன்றைப் பற்றி மேலேறி, முதுகு வெடித்துச் சிறகோடு வெளியேறும். கோரை ஓரம் நடந்தால் தாளைக் கவ்வியபடி காய்ந்து நிற்கும் அந்தக் கூட்டுத்தோல்களை இன்றும் பார்க்கலாம். ஏறுவதற்குத் தாளில்லாத கல் பதித்த கரையில் தட்டான் குறையும். குறைந்தால் யாருக்கு லாபம் என்று கொசு வலைக்குள் படுத்தபடி யோசிக்கலாம். பாம்பும் அப்படித்தான். ஏரியில் நாம் பார்ப்பதில் பெரும்பாலானது விஷமற்ற தண்ணீர்ப்பாம்பு.

மீன் குத்தகைக்காரரின் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் விட்டுப் பிடிப்பவருக்கு நடு ஏரி திறந்திருக்க வேண்டும். வலை ஓட வேண்டும். ஆனால் இந்தச் சமவெளியில் நல்ல விலை போகும் நாட்டு மீன் விரால். விரால் சோடி கரையோரச் செடி நடுவே ஒரு வட்டத்தை ஒதுக்கிக் கூடு கட்டி முட்டையிடும். செஞ்சாந்துக் கட்டிபோல் கும்பலாகத் திரியும் குஞ்சுகளுக்கு அடியிலேயே தாய்மீனும் தகப்பன்மீனும் காவல் நிற்கும். செடி ஓரம் போனால் அந்தக் கூடும் போகும். எஞ்சுவது 1952இல் இந்தியாவுக்கு வந்து எந்த மண் தரையிலும் குழி தோண்டிப் பெருகும் ஜிலேபிக் கெண்டை. களையைத் தின்ன 1959இல் கொண்டுவந்த புல்கெண்டையை அளவில்லாமல் விட்டாலும் இதே கதிதான்: அது மூழ்கு செடியைத் துப்புரவாகத் தின்று, சத்தைத் தண்ணீருக்குள்ளேயே கழிந்து, பாசிக்கு விருந்து வைக்கும்.

பறவைகளைப் பற்றித் தனியாக வாதாட வேண்டியதில்லை. இலைக்கோழி மிதக்கும் இலைமேல் முட்டையிடுகிறது. முக்குளிப்பான் தண்டுகளில் கட்டிய மிதவைக் கூட்டில் அடைகாக்கிறது. நீலத்தாழைக்கோழிக்குச் சம்பங்காடுதான் வீடு. செடியைப் பிடுங்கிய கையோடு ‘பறவைகள் வந்து தங்கும் ஏரி’ என்று பலகை வைத்து, சிமென்டில் கொக்கு பொம்மை செய்து நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

தூர்ந்துபோகும் என்ற பொறியாளர் வாதத்தில் உண்மை இருக்கிறது. அறுக்காமல் விட்ட சம்பு ஆண்டுக்கு ஆண்டு மக்கி அடியை உயர்த்தும். ஆனால் நம் ஏரிகள் தூர்வதற்கு அதைவிடப் பெரிய காரணம், காடும் புல்லும் போன நீர்ப்பிடிப்பிலிருந்து வெள்ளத்தோடு வந்திறங்கும் வண்டல். நீர் நுழையும் வாயில் நிற்கும் கோரையும் நாணலும் வேகத்தைக் குறைத்து அந்த வண்டலை அங்கேயே படியவைக்கும். ஏரியின் வயிற்றுக்குள் போகவிடாது. வாயிலில் படிந்ததை அள்ளுவது எளிது. ஏரி முழுக்கப் பரவியதை அள்ளுவதற்குக் கோடிக்கணக்கில் வேண்டும். கரையின் உள்பக்கம் நிற்கும் செடி அலையை உடைக்கும். அதைப் பிடுங்கிவிட்டுக் கல் பதிப்பது, இனாமாகக் கிடைத்த காவலை நீக்கிவிட்டுச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிற வேலை. தண்ணீரைக் குடித்துவிடும் என்ற குற்றம் ஆகாயத்தாமரைக்குப் பொருந்தும். அல்லி இலையோ தண்ணீரோடு ஒட்டிப் படுத்து வெயிலையும் காற்றையும் மறைக்கிறது. எல்லாச் செடிக்கும் ஒரே தீர்ப்பு எழுதக் கூடாது.

அதே சமவெளியில் அதே செடிக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரையில் கோரையை நட்டு, தண்ணீர் கட்டி, உரம் போட்டுப் பயிராக்குகிறார்கள். ஒருமுறை நட்டால் பல ஆண்டு அறுக்கலாம். தாளைக் கிழித்துக் காயவைத்துக் கட்டுக் கட்டாகப் பாய்த் தறிக்கு அனுப்புகிறார்கள். வயலில் காசு கொடுக்கும் கோரைக் குடும்பத்துக்கு, ஏரிக்குள் நின்றால் மட்டும் களை என்று பெயர். வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, நீர்முள்ளி, கொட்டிக்கிழங்கு எல்லாம் ஏரியோரம் இனாமாகக் கிடைத்த உணவும் மருந்தும்தான். இன்று சாக்கடை கலந்த ஏரியில் அவற்றைப் பறித்துத் தின்னச் சொல்லமாட்டேன். அந்த நிலைக்கு ஏரியைக் கொண்டுவந்தது கீரை இல்லை.

இந்தப் பார்வைக் கோளாறு கடலோரத்துக்குப் போனால் காணாமல் போகிறது என்பதுதான் வேடிக்கை. 2004 சுனாமியில் பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றதை எல்லாரும் பேசினார்கள். அதன்பிறகு அலையாத்தி நடுவதற்கு அரசே முன்வந்தது. பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. அங்கே தண்ணீருக்குள் இருக்கும் புல் செல்வம். அதன் வேர் மணலைப் பிடிக்கிறது, மீன்குஞ்சுக்கு மறைவு கொடுக்கிறது, நீரைத் தெளிவாக்குகிறது என்று அதிகாரிகளே விளக்குகிறார்கள். நல்லது. வேலம்பாசியும் சம்பும் சேலத்து ஏரியில் செய்வது வேறென்ன? மேலே சத்தைப் பிடிக்கும் செடியை எல்லாம் பிடுங்கிவிட்டால், அந்தச் சத்து காவிரியோடு போய்க் கீழே கடலைக் கலக்கும். கலங்கல் நீரில் வெளிச்சமில்லாமல் முதலில் சாவது அந்தக் கடற்புல்தான். பாக் விரிகுடாவில் காப்பாற்றுவதை இங்கே பிடுங்குகிறோம்.

சட்டமும் இந்தக் குழப்பத்துக்கு உடந்தை. மைய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்குகின்றன. சேலம் நாமக்கல்லின் ஏரிகள் பெரும்பாலும் அப்படிக் கட்டியவையே. ஆகவே அவற்றுக்குள் என்ன வாழ்கிறது என்று கேட்க யாருக்கும் கடமையில்லை. இதே தமிழ்நாட்டில் வேடந்தாங்கலும் ஒரு பாசன ஏரிதான். உள்ளூர் மக்கள் தலைமுறைகளாகப் பறவையைக் காத்ததால் அது 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. கட்டியது மனிதன் என்பதால் ஏரி வெறும் தொட்டி ஆகிவிடாது. 2017இல் 100 கோடி ரூபாயில் மறுபடி தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல், மடை சீர்செய்தல் என்ற கணக்கோடு நின்றது. எந்தச் செடி நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

மாற்றுவழி சேலத்திலேயே கொஞ்சம் நடந்திருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010இல் பியூஷ் மானுஷ் முன்னின்ற குடிமக்கள் குழு, வாரிய மண்ணை வெளியே கடத்தாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டது. பறவைகள் தங்கின. அந்த முயற்சியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மழையோடு சாக்கடை வருகிறவரை எந்த ஏரியும் குறையோடுதான் இருக்கும். ஆனால் ஏரியை மொட்டையாக்காமலும் சீரமைக்கலாம் என்பதற்கு நகருக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது.

செய்ய வேண்டியதில் அதிசயம் ஏதுமில்லை. செடியை இனம் பிரியுங்கள். ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேலம் மூன்றும் போகட்டும். அதுவும் பூக்குமுன், விதை விழுமுன். மடைக்கும் மதகுக்கும் முன்னால் திறந்த இடம் வையுங்கள். நடு ஏரியை மீனுக்கும் வலைக்கும் விடுங்கள். ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது சம்பு, கோரை, அல்லிக்கு ஒதுக்குங்கள். கழிவு நுழையும் முனையில் நாணற்படுகையை வளர்த்து, கோடையில் பகுதி பகுதியாக அறுத்து, அறுத்ததை ஏரிக்கு வெளியே எருக்குழிக்குக் கொண்டுபோங்கள். அறுத்தால்தான் சத்து வெளியேறும். அறுக்காத சம்பும் அள்ளாத ஆகாயத்தாமரையும் ஒன்றுதான். ‘இதையெல்லாம் யார் பராமரிப்பது?’ என்பார்கள். ஆண்டுதோறும் பொக்லைனுக்கு வாடகை கொடுப்பதும் பராமரிப்புச் செலவுதான். அந்தக் காசில் அரிவாளோடு உள்ளூர் ஆட்களை இறக்கலாம்.

ஆகவே ஏரியைச் சுத்தம் செய்யச் சொல்லி மனு எழுதுகிறவர்கள், வார்டு உறுப்பினர்கள், சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கிற ஆலைகள் எல்லாரும் மதிப்பீட்டில் மூன்று பதில்களைக் கேட்க வேண்டும். ஏரிக்குள் விழும் கழிவு வாய்கள் எத்தனை, அவற்றில் எதை எப்போது அடைப்பீர்கள்? எந்தச் செடி போகும், எது நிற்கும்? அறுத்தது எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத மதிப்பீடு வெறும் மொட்டையடிப்பு. அதற்கு ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது.